டாக்டர் ஜாகிர் ஹுசைன்: பள்ளிப் பிள்ளைகளின் துணைவேந்தர்

சிவகங்கை மாவட்டம் இளையான்குடியில் டாக்டர் ஜாகிர் ஹுசைன் கல்லூரி இருக்கிறது. டில்லியிலும் அவர் பெயரில் ஒரு கல்லூரி உண்டு. இந்தப் பெயருக்குரியவர் யார் என்று நம் பிள்ளைகளிடம் கேட்டால் இந்தியாவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் என்று சொல்வார்கள். அதற்கு மேல் கேட்டால் பதில் வராது. நாமும் அப்படித்தான் இருந்தோம். பி.ஏ. வகுப்பில் அவர் நமக்கு ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டுமே வந்து போனார்.

மத்ரஸாவிலோ அவர் பெயரே வரவில்லை. அங்கே நமக்குச் சொல்லித்தரப்பட்டது ஷைகுல் ஹிந்த் மவ்லானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்களின் வரலாறு. தேவ்பந்தின் பேராசான், ஆங்கிலேயரால் மால்டா தீவில் சிறை வைக்கப்பட்டவர் என்று கண் கலங்கக் கேட்டோம். அந்தப் பெரியவர் தம் வாழ்வின் கடைசி மாதத்தில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு அடிக்கல் நாட்டினார் என்பதையும், அதைப் பிற்காலத்தில் தூக்கி நிறுத்தியவர் கல்லூரிப் பாடத்தில் நாம் கடந்துபோன அதே ஜாகிர் ஹுசைன்தான் என்பதையும் வெகுநாள் கழித்தே அறிந்தோம். ஒரே வரலாற்றின் பாதியை மத்ரஸாவும் மறு பாதியை கல்லூரியும் வைத்துக்கொண்டிருந்தன. இந்தக் கட்டுரை அந்த இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தைப் பற்றியது.

ஜாகிர் ஹுசைன் 1897 பிப்ரவரி 8 அன்று ஹைதராபாத்தில் பிறந்தார். தந்தை ஃபிதா ஹுசைன் கான் வழக்கறிஞர். பூர்வீகம் இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஃபரூக்காபாத் மாவட்டத்திலுள்ள காயிம்கஞ்ச். பத்து வயதில் தந்தையை இழந்தார். குடும்பம் சொந்த ஊர் திரும்பியது. இட்டாவா நகரத்தின் இஸ்லாமிய்யா உயர்நிலைப் பள்ளியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தபோது, 1911இல் ஊரில் பரவிய பிளேக் நோய் தாயையும் கொண்டுபோயிற்று. பதினான்கு வயதுக்குள் முழு யதீம் ஆகிவிட்டார். அந்த வயதில் அவருக்கு வீடாக இருந்தது பள்ளிக்கூடம்தான். பிற்காலத்தில் அவர் பள்ளிக்கூடங்களின் மீது வைத்த பிரியத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது.

அங்கிருந்து அலீகர் கல்லூரிக்குப் போனார். கெட்டிக்கார மாணவர், நல்ல பேச்சாளர். படிப்பு முடிந்தால் அரசாங்க வேலை காத்திருந்தது. 1920 அக்டோபரில் காந்தியடிகளும் மவ்லானா முஹம்மது அலீ, மவ்லானா ஷவ்கத் அலீ சகோதரர்களும் அலீகர் வந்தார்கள். கிலாஃபத், ஒத்துழையாமை இயக்கங்களின் சூடான காலம் அது. ஆங்கிலேய அரசின் பணத்தில் நடக்கும் கல்லூரியை விட்டு வெளியே வாருங்கள் என்று அழைத்தார்கள். இருபத்து மூன்று வயது ஜாகிர் ஹுசைன் வெளியே வந்தார். வெளியே வந்தால் எங்கே படிப்பது? அரசின் பணம் இல்லாமல், நாட்டுக்கும் மார்க்கத்துக்கும் உண்மையாக ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்று வலியுறுத்திய மாணவர்களில் அவரும் முன்னால் நின்றார்.

அப்படித்தான் 1920 அக்டோபர் 29, ஜுமுஆ நாளில், அலீகர் கல்லூரிப் பள்ளிவாசலில் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யா பிறந்தது. ஷைகுல் ஹிந்த் அவர்கள் மால்டாவிலிருந்து விடுதலையாகி சில மாதங்களே ஆகியிருந்தன. உடல் மிகவும் தளர்ந்திருந்தது. அவர்களின் உரையை மவ்லானா ஷப்பீர் அஹ்மது உஸ்மானீ வாசித்தார்கள். அடுத்த மாதமே ஷைகுல் ஹிந்த் வஃபாத் ஆனார்கள். ஹகீம் அஜ்மல் கான் முதல் வேந்தர். மவ்லானா முஹம்மது அலீ ஜவ்ஹர் முதல் துணைவேந்தர்.

1922இல் ஜாகிர் ஹுசைன் ஜெர்மனிக்குப் புறப்பட்டார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்து, இந்திய வேளாண்மை பற்றிய ஆய்வுக்காக முனைவர் பட்டம் பெற்றார். அங்கேதான் ஆபித் ஹுசைனும் முஹம்மது முஜீபும் அவருக்கு உயிர் நண்பர்களானார்கள். கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் என்ற யூதப் பெண்மணியின் நட்பும் அங்கே கிடைத்ததுதான். அவரைப் பிறகு சந்திப்போம்.

இதற்குள் இந்தியாவில் நிலைமை மாறியிருந்தது. 1924இல் துருக்கியில் கிலாஃபத் ஒழிக்கப்பட்டது. இங்கே கிலாஃபத் இயக்கம் சுருண்டது. ஜாமிஆவுக்கு வந்துகொண்டிருந்த பணமும் நின்றது. மூடிவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. நாங்கள் எங்கள் வாழ்நாளையே கொடுக்கத் தயார், நாங்கள் வரும்வரை மூட வேண்டாம் என்ற கருத்தில் ஜெர்மனியிலிருந்து ஜாகிர் ஹுசைனும் நண்பர்களும் செய்தி அனுப்பினார்கள். ஹகீம் அஜ்மல் கான் மூடவில்லை. 1925இல் ஜாமிஆவை டில்லி கரோல் பாகில் வாடகைக் கட்டடங்களுக்குக் கொண்டுவந்து தம் கைப்பணத்தையும் போட்டு நடத்தினார். 1926இல் மூன்று நண்பர்களும் திரும்பி வந்தார்கள். இருபத்தொன்பது வயதில் ஜாகிர் ஹுசைன் துணைவேந்தர் ஆனார். 1948 வரை, இருபத்திரண்டு ஆண்டுகள், அந்தப் பொறுப்பிலேயே இருந்தார்.

துணைவேந்தர் என்றதும் இன்று நம் கண்முன் வரும் காரும் அறையும் அங்கே கிடையாது. 1927 முடியும் வேளையில் ஹகீம் சாஹிபும் மறைந்தார். கடன் மட்டுமே மிச்சம். அப்போது ஜாகிர் ஹுசைனும் சக ஆசிரியர்களும் கூடி ஓர் உறுதிமொழி எடுத்தார்கள். இருபது ஆண்டுகள் ஜாமிஆவை விட்டுப் போவதில்லை; மாதம் 150 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குவதில்லை. அந்தச் சம்பளமும் ஒழுங்காகக் கைக்கு வந்தபாடில்லை. ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்தவர்கள் மளிகைக் கடையில் கடன் சொல்லிக் காலம் தள்ளினார்கள். ஹம்தர்தானே ஜாமிஆ, அதாவது ஜாமிஆவின் அனுதாபிகள் என்ற பெயரில் ஓர் அமைப்பை உண்டாக்கி, எளிய மக்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டித்தான் அடுப்பு எரிந்தது. நம் ஊர்களில் மத்ரஸாவுக்கு வீட்டுக்கு வீடு பிடி அரிசி வாங்கிய தலைமுறைக்கு இது புரியும்.

இவ்வளவு வறுமையில் இருக்கும் ஒரு பல்கலைக்கழகம் முதலில் எதைக் காப்பாற்றும்? பட்ட வகுப்புகளை, நூலகத்தை, பெயரை என்று நாம் நினைப்போம். ஜாகிர் ஹுசைன் தம் சக்தியில் பெரும்பங்கைத் தொடக்கப் பள்ளிக்குக் கொடுத்தார். கல்லூரிக்கு வரும் இளைஞனை அரைகுறையாகத்தான் திருத்த முடியும், ஏழு வயதுப் பிள்ளையிடமிருந்துதான் ஒரு சமுதாயத்தைத் தொடங்க முடியும் என்பது அவர் முடிவு. ஜாமிஆவின் தொடக்கப் பள்ளி அந்தக் காலத்துக்கே புதுமையாக இருந்தது. தலைமையாசிரியர் அப்துல் கஃப்பார் முதோலி, பாடத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் பிள்ளைகளின் கையில் கொடுத்தார். பிள்ளைகளே வங்கி நடத்தினார்கள். பிள்ளைகளே கடை வைத்தார்கள். கணக்குப் பாடம் அங்கேயே நடந்தது. ஆண்டுதோறும் ஜாமிஆவின் நிறுவன நாளையொட்டி நடந்த கல்வித் திருவிழாவில் அவர்கள் செய்ததையெல்லாம் பெற்றோர் வந்து பார்த்தார்கள்.

அந்தப் பிள்ளைகளோடு துணைவேந்தர் எப்படி இருந்தார் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்வார்கள். காலணியைத் துடைத்துப் பளிச்சென்று வர வேண்டும், தொப்பி சுத்தமாக இருக்க வேண்டும் என்று பலமுறை சொல்லியும் பையன்கள் கேட்கவில்லை. ஒருநாள் காலை வாசலில் பாலிஷ் டப்பாவும் பிரஷும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அருகில் போய்ப் பார்த்தால் துணைவேந்தர்! மறுநாளிலிருந்து யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இன்னொரு சம்பவம் எழுதக் கை தயங்குகிறது. தொடக்கப் பள்ளித் தேர்வு முடிவு வந்த நாள். பிள்ளைகளுக்கு ஜாகிர் ஹுசைன் தம் கையால் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தார். பணியாளர் வந்து காதில் ஏதோ சொன்னார். வீட்டில் சிறு மகள் ரைஹானாவுக்கு உடல்நிலை மோசம். அவர் இனிப்பு வழங்குவதைத் தொடர்ந்தார். சற்று நேரத்தில் பணியாளர் மறுபடி வந்து மகள் மவ்த்தான செய்தியைச் சொன்னார். முகம் வெளுத்தது, கை நிற்கவில்லை. கடைசிப் பிள்ளை வரை கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். ஏன் அப்போதே எழுந்து போகவில்லை என்று பிறகு கேட்டவர்களிடம், அந்தப் பிள்ளைகள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்கள், அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்ற அளவில் சொல்லி முடித்துக்கொண்டார். பிள்ளையின் தாய் அந்த நேரத்தில் தனியாக இருந்திருப்பாரே என்று கேட்கத் தோன்றும். நமக்கும் தோன்றியது. அந்தக் காலத்துப் பெரிய மனிதர்களின் சேவைக்கு வீட்டிலிருந்த பெண்கள் கொடுத்த விலையை யாரும் கணக்கெழுதி வைக்கவில்லை.

ஆனால் தந்தை அந்த மகளை மறக்கவில்லை. ஜாமிஆவிலிருந்து 'பயாமே தஅலீம்' என்ற சிறுவர் இதழ் வந்துகொண்டிருந்தது. அதில் ருகைய்யா ரைஹானா என்ற பெயரில் கதைகள் வெளியாயின. எழுதியவர் துணைவேந்தர், வைத்துக்கொண்டது மறைந்த மகளின் பெயர். அவற்றில் புகழ்பெற்றது அப்பூ கானின் ஆடு என்ற கதை. மலையடிவாரத்தில் தனியாக வாழும் கிழவர் அப்பூ கான் பாசத்தோடு வளர்க்கும் சாந்தினி என்ற வெள்ளாடு கயிற்றையும் கொட்டிலையும் விட்டு மலைக்கு ஓடுகிறது. இரவில் ஓநாய் வருகிறது. தோற்பது உறுதி என்று தெரிந்தும் விடியும்வரை கொம்பால் போராடி, விடியலில் சாய்கிறது. ஓநாய்தான் வென்றது என்று பறவைகள் பேசிக்கொள்ள, ஒரு கிழப் பறவை மட்டும் சாந்தினிதான் வென்றாள் என்கிறது. மூலக் கரு பிரெஞ்சுக் கதையொன்றிலிருந்து வந்தது. அடிமை நாட்டின் பிள்ளைகளுக்கு அதை உருதுவில் சொன்னபோது அது வேறு கதையாகிவிட்டது. பிளேட்டோவின் குடியரசை உருதுவில் மொழிபெயர்த்த அதே பேனாதான் இதையும் எழுதியது.

பெர்லினில் பார்த்த கெர்டா ஃபிலிப்ஸ்போர்ன் இந்தப் பள்ளிக்குத்தான் வந்து சேர்ந்தார். 1930களின் தொடக்கத்தில் ஜெர்மனியை விட்டு வந்து, ஜாமிஆவின் மழலையரையும் தொடக்க வகுப்புப் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் அவரை ஆபா ஜான், அதாவது அக்கா என்றே அழைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்ததும் ஜெர்மன் நாட்டவர் என்பதற்காக ஆங்கில அரசு அவரைப் பிடித்து முகாமில் அடைத்தது. விடுதலையாகி மறுபடியும் ஜாமிஆவுக்கே வந்தார். 1943இல் நோயுற்று இறந்து, ஜாமிஆவின் அடக்கத்தலத்திலேயே அடக்கமானார். ஜாமிஆவின் குழந்தைகள் காப்பகம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1935 மார்ச் 1 அன்று டில்லிக்குத் தெற்கே ஓக்லா என்ற கிராமத்தில் ஜாமிஆவின் சொந்த இடத்தில் முதல் அடிக்கல் வைக்கப்பட்டது. எழுந்தது பள்ளிக்கூடக் கட்டடம். கல்லை வைக்க நவாபையோ அரசியல் தலைவரையோ அழைத்துப் பெயர் பொறித்திருக்கலாம், நன்கொடையும் கிடைத்திருக்கும். ஜாமிஆவில் படித்த பிள்ளைகளிலேயே மிகச் சிறியவனை அழைத்து வைக்கச் சொன்னார்கள். அரசாங்கப் பணமின்றிக் கடனில் நின்ற ஒரு கல்விக்கூடம் இதைச் செய்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஜாமிஆ ஓக்லாவுக்குப் போன பிறகும் நகரத்தை விட்டுவிடவில்லை. கரோல் பாக் காலத்திலேயே வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை வகுப்புகள் தொடங்கியிருந்தன. 1938 அக்டோபரில் அது இதாரா தஅலீம் ஓ தரக்கீ என்ற தனி நிறுவனமாகவே ஆனது. அதன் உயிர் ஷஃபீகுர் ரஹ்மான் கித்வாய் என்ற ஜாமிஆ ஆசிரியர். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியவர்களுக்கென்று சின்னச் சின்னப் புத்தகங்களை அது அச்சிட்டது. பிள்ளையைப் பகலில் பள்ளிக்கு அனுப்பாத தகப்பனை இரவில் வகுப்புக்கு வரவைத்தால், பிள்ளையும் வரும் என்பது எங்கும் உள்ள அனுபவம். பழைய டில்லியின் மட்டியா மஹல், கஸ்ஸாப்புரா போன்ற நெருக்கமான மஹல்லாக்களில் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்குமாக ஜாமிஆ நடத்தும் பாலக் மாதா மையங்கள் இந்த வழியில் வந்தவைதாம். கஸ்ஸாப்புரா என்றால் கசாப்புக்காரர்களின் பகுதி. அந்தப் பகுதிப் பிள்ளைகளைத் தேடிப் பல்கலைக்கழகம்தான் போனது.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கல்வி மாநாடு கூட்டினார். பிள்ளைகளுக்கு ஏழாண்டு இலவசக் கட்டாயக் கல்வி, தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை மையமாக வைத்து என்பது திட்டம். பிள்ளைகள் செய்யும் பொருளை விற்றே பள்ளிச் செலவைச் சமாளிக்கலாம் என்றும் அவர் கருதினார். ஜாகிர் ஹுசைன் காந்தியடிகளை மிகவும் மதித்தவர். ஆனாலும் அந்த அவையிலேயே எழுந்து மாற்றுக் கருத்தைச் சொன்னார். வருமானத்தைக் குறியாக வைத்தால் ஆசிரியர் மேஸ்திரியாகிவிடுவார், பிள்ளை கூலியாளாகிவிடும் என்பது அவர் அச்சம். கருத்து மாறுபட்டவரையே காந்தியடிகள் பாடத்திட்டக் குழுவுக்குத் தலைவராக்கினார். நம் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் அந்தக் குழுவில் இருந்தார். டிசம்பரில் அறிக்கை வந்தது. வருமானத்துக்காகக் கல்வியைப் பலி கொடுக்கும் ஆபத்தை அதிலும் குறிப்பிட்டிருந்தார்கள். மறு ஆண்டு, இப்படிக் கற்பிக்கத் தெரிந்த ஆசிரியர்களை உருவாக்க ஜாமிஆவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியது. அதற்கு அவர்கள் வைத்த பெயர் உஸ்தாதோங் கா மத்ரஸா. ஆசிரியர்களுக்கும் ஒரு மத்ரஸா வேண்டும் என்ற அந்தப் பெயரே நமக்குப் பிடித்திருக்கிறது.

இதையெல்லாம் படித்தபோது நம் இளமைக்கால நினைவு ஒன்று வந்தது. நாம் பட்டம் படித்த நாட்களில் தினமும் கடந்துபோன ஒரு கல்லூரியின் மதில் சுவரை ஒட்டியே ஒரு தொடக்கப் பள்ளி இருந்தது. பெயர் வேண்டாம். கல்லூரியில் ஆய்வுக்கூடமும் விளையாட்டுத் திடலும் ஆயிரக்கணக்கான புத்தகங்களும் உண்டு. பள்ளிப் பிள்ளைகள் பந்து மதிலைத் தாண்டி விழுந்தால் எடுக்க மட்டும் உள்ளே போவார்கள், காவலாளி விரட்டுவார். அந்த மதிலில் ஒரு வாசல் வைக்க எவ்வளவு செலவாகியிருக்கும்? கல்லூரி மாணவர்கள் பத்துப் பேர் வாரம் இரண்டு மாலை அங்கே போய் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க எந்த அரசாணை தேவைப்பட்டிருக்கும்? அந்தக் கேள்வி அன்று நமக்கும் வரவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாமும் அந்த மதிலை ஒட்டித்தான் நடந்தோம்.

1946 நவம்பரில் ஜாமிஆவின் வெள்ளி விழா. நாடு கலவரங்களில் எரிந்துகொண்டிருந்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க விரும்பாத ஜின்னாவையும் நேருவையும் ஒரே மேடையில் உட்கார வைத்தார் ஜாகிர் ஹுசைன். ராஜாஜியும் வந்திருந்தார். தலைவர்களைப் பார்த்து அவர் மன்றாடினார்: பிள்ளைகளை வளர்க்கும் எங்கள் வேலை தோட்டக்காரரின் வேலை, சுற்றிலும் தீ எரியும்போது தோட்டம் போடுவது பைத்தியக்காரத்தனமாகிவிடும், உட்கார்ந்து பேசி இந்தத் தீயை அணையுங்கள் என்ற பொருளில். தீ அணையவில்லை. 1947 ஆகஸ்டில் ரயிலில் போய்க்கொண்டிருந்த அவரையே ஜலந்தரில் கொலைவெறிக் கும்பல் சூழ்ந்தது. ஒரு சீக்கிய ராணுவ அதிகாரியும் ஓர் இந்து ரயில்வே அதிகாரியும் காப்பாற்றினார்கள். டில்லிக் கலவரத்தில் ஜாமிஆவின் பதிப்பகமும் லட்சக்கணக்கான ரூபாய்ப் புத்தகங்களும் எரிந்தன. அந்த நாட்களிலும் ஜாமிஆவின் ஆசிரியர்களும் மாணவர்களும் அகதி முகாம்களில் போய் வேலை செய்தார்கள். ஷஃபீகுர் ரஹ்மான் கித்வாய் பழைய டில்லியின் கல்வி மையங்களைக் கைவிடவில்லை. பிற்காலத்தில் டில்லி மாநிலத்தின் கல்வி அமைச்சரானவர் இவர்தான்.

பிறகு நடந்தவை பாடப் புத்தகங்களில் உள்ளவை. 1948 முதல் 1956 வரை அலீகர் பல்கலைக்கழகத் துணைவேந்தர், 1957இல் பீகார் ஆளுநர், 1962இல் குடியரசுத் துணைத் தலைவர், 1963இல் பாரத ரத்னா, 1967 மே 13 அன்று குடியரசுத் தலைவர். முஸ்லிம் ஒருவர் அந்தப் பதவிக்கு வந்தது அதுவே முதல்முறை. பதவி ஏற ஏற நம் எழுத்தாளர்கள் அவரை விரிவாக எழுதினார்கள். நாமோ அந்த இருபத்திரண்டு ஆண்டுகளையே பெரிதாகக் காண்கிறோம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். 1948இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் ஜாகிர் ஹுசைன் உறுப்பினர். கல்லூரி மாணவர்கள் விருப்பத்தின் பேரில் சமூகத் தொண்டு செய்யும் ஏற்பாடு வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. நம் பிள்ளைகள் கல்லூரியில் என்.எஸ்.எஸ். என்று சேர்கிறார்களே, அந்த நாட்டு நலப்பணித் திட்டத்தின் வேர்களில் ஒன்று அது. காந்தி நூற்றாண்டான 1969இல், செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் அது தொடங்கியது. அதைப் பார்க்க ஜாகிர் ஹுசைன் இல்லை. அந்த ஆண்டு மே 3 அன்று குடியரசுத் தலைவராக இருக்கும்போதே வஃபாத் ஆகியிருந்தார்.

அவரை அடக்கம் செய்தது ஓக்லாவில், ஜாமிஆ வளாகத்துக்குள். 1988இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஜாமிஆ மத்தியப் பல்கலைக்கழகமானது. இன்றும் அதன் கீழ் மழலையர் பள்ளியிலிருந்து மேல்நிலை வரை பள்ளிகள் நடக்கின்றன. முனைவர் பட்ட மாணவர் நுழையும் அதே வளாகத்துக்குள் சீருடை போட்ட சிறு பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டில்லிக்குப் போகிறவர்கள் செங்கோட்டையும் குதுப்மினாரும் பார்த்த பிறகு, பள்ளி விடும் நேரமாகப் பார்த்து ஒருமுறை ஓக்லாவுக்கும் போய் வாருங்கள்.